பெரிய மர மேசையும் எட்டுக் கட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மாணவர் பக்கத்தில் ஆங்கிலப் பெயரடைகளின் வரிசையை எட்டுக் கட்டம் போட்டு அச்சிட்டிருந்தீர்கள்: கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், செய்பொருள், பயன். நல்ல காரியம். ‘பிக் ரெட் பஸ்’ என்பதுதான் ஆங்கிலம். ‘ரெட் பிக் பஸ்’ காதில் இடறும். ஆனால் கட்டத்தின் கீழே, ‘தமிழில் இப்படி வரிசை கிடையாது, ஆகவே மனப்பாடம் செய்யவும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். மேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பல வருஷம் ஆங்கிலம் நடத்தியவன் நான்.

மாசி வீதியில் பாத்திரக் கடைக்குப் போனால் ‘நல்ல பெரிய பித்தளை அண்டா ஒண்ணு எடுங்கண்ணே’ என்கிறோம். ‘பித்தளை பெரிய நல்ல அண்டா’ என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். கருத்து, அளவு, செய்பொருள்: உங்கள் கட்டத்தில் உள்ள அதே வரிசை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலும் ‘நல்ல மதுரை மல்லி’தான், ‘மதுரை நல்ல மல்லி’ என்று யாரும் கூவுவதில்லை. ஊர், செய்பொருள் என்று பொருளோடு கூடப் பிறந்தவை பெயரை ஒட்டி நிற்கின்றன. சொல்பவரின் அபிப்பிராயம் தள்ளி நிற்கிறது. இரண்டு மொழியிலும் சங்கதி இதுதான். ஒட்டி நிற்பது சில சமயம் பெயரோடு ஒன்றிப்போய்த் தனி அர்த்தமே கொடுத்துவிடும். வாடகை விளம்பரம் கொடுப்பவர் ‘பழைய சின்ன வீடு’ என்று எழுதிவிட்டு, அவசரமாக ‘சின்ன’வை முன்னால் தள்ளுவது எதற்கென்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பிள்ளைகள் ஏன் ‘வுட்டன் பிக் டேபிள்’ என்று எழுதுகிறார்கள்? தாய்மொழியின் மேல் பழியைப் போடுவது வழக்கம். நான் விடைத்தாள்களில் பார்த்த வரையில், பழி நோட்ஸ் தமிழுக்குத்தான் சேரும். ‘மரத்தாலான பெரிய மேசை’ என்று மனதுக்குள் எழுத்துத் தமிழாக்கிக்கொண்டு, அதை அப்படியே மாற்றுகிறார்கள். ‘ஆன’, ‘உள்ள’, ‘செய்த’ என்று நீளும் அடைகள் தமிழில் தாராளமாக முன்னால் போய் நிற்கும். ஆங்கிலம் அதற்கு இடம் கொடுக்காது. அதே பையன் வீட்டில் பேசும்போது ‘பெரிய மர மேசை’ என்றுதான் சொல்கிறான். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே ‘பிக் வுட்டன் டேபிள்’ வந்துவிடுகிறது. ‘சிவப்பு நிறமுடைய பெரிய பை’யைவிடப் ‘பெரிய சிவப்புப் பை’ அவனைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தமிழில் வரிசை பற்றிய யோசனையே இல்லை என்பதும் சரியல்ல. ‘அடைசினை முதலென முறைமூன்று மயங்காமை’ வர வேண்டும் என்று நிறமும் உறுப்பும் சேர்ந்து வரும் வண்ணச் சினைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் முறை சொல்கிறது. செங்கால் நாரை: செம்மை அடை, கால் சினை (உறுப்பு), நாரை முதல் (உறுப்பை உடைய முழுப்பொருள்). ஆங்கிலக் கட்டம் பேசும் வரிசை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நன்னூல் இரண்டு அடைகள் சேர்ந்து வருவதையும் பார்க்கிறது. முறை மயங்குவதைச் செய்யுளுக்கு விட்டுக்கொடுக்கிறது. ‘சிறு கருங்காக்கை’யில் அளவு முன்னே, நிறம் பின்னே, ஆங்கிலத்தில் போலவே. ‘கருநெடுங்கண்’ணில் நிறம் முந்திக்கொள்கிறது. கூடல் மாநகரின் வாடைக்காற்றில் மெலிந்த சத்திமுத்தப் புலவர் நாரையைப் ‘பவளக் கூர்வாய்’ என்று கூப்பிட்டார். ஆங்கிலக் கட்டப்படி கூர்மைதான் முதலில் வந்திருக்க வேண்டும். இப்படி விலகும் இடங்களைக் காட்டித்தான் வகுப்பில் பேச வேண்டும்.

கட்டமும் கல்வெட்டு அல்ல. பிரிட்டிஷ் கவுன்சில் தரும் வரிசையில் வடிவம் முதலில், வயது பிறகு, உங்களுடையதில் தலைகீழ். கதையில் வரும் ‘பிக் பேட் உல்ஃப்’ எந்தக் கட்டத்துக்கும் அடங்காத ஓநாய். கருத்தான ‘பேட்’ அளவுக்குப் பின்னால் நிற்கிறது. ‘டிக் டாக்’, ‘ஜிக் ஜாக்’ போல இகர ஓசை முந்துவதுதான் காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு.

அடுத்த வாரம் பயிற்சி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஆறு அடைகளைக் கலைத்துப் போட்டு ‘வரிசைப்படுத்துக’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு பெயருக்கு முன்னால் இரண்டு, மிஞ்சினால் மூன்று அடைகளுக்கு மேல் ஆங்கிலேயர்களே பேச்சில் அடுக்குவது அபூர்வம். ‘புது நீல நைலான் கயிறு’, ‘சின்ன வட்டக் கண்ணாடித் தட்டு’ என்று வீட்டுத் தமிழில் சில தொடர்களைக் கொடுத்து ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். இப்படி வெவ்வேறு வகை அடைகள் அடுத்தடுத்து வரும்போது நடுவில் கமா தேவையில்லை என்பதையும் சேர்த்துப் போடுங்கள். சென்ற வார உதாரணத்தில் ‘பிக்’குக்கும் ‘வுட்டனு’க்கும் நடுவே ஒன்று உட்கார்ந்திருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மேலூர், மதுரை மாவட்டம்.