கேரியரை எர்த் என்று நம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் எஸ்டேட் பிக்கப் வண்டிகளின் கூரை கேரியரில் லைட் ஏறிவிடும். ஹாம் லைசென்ஸ் (பொழுதுபோக்கு ரேடியோ அனுமதி) வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே ஆன்டெனாவையும் நிறுத்துகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

கேரியர் பெரும்பாலும் பெயின்ட் மேல் ரப்பர் வைத்து இறுக்கியது. பேட்டரி மைனஸ் சேர்ந்திருக்கும் பாடியோடு, அதாவது எர்த்தோடு, அதற்கு நல்ல மின்தொடர்பு இருக்காது. அது தெரியாமல் லைட்டின் கறுப்பு ஒயரை கேரியர் போல்ட்டிலேயே முடிந்துவிடுகிறார்கள். 55 வாட் பல்பு இரண்டு போட்டால் 9 ஆம்பியர் ஓடும். பேட்டரிக்குத் திரும்ப வேறு வழியில்லாத அந்தக் கரன்ட், ஆன்டெனா கேபிளின் வெளிப்பின்னலைப் பிடித்து ரேடியோ செட்டுக்குள் இறங்கும். லைட் போட்டதும் செட் இரைகிறது, கேபிள் சுடுகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். செட்டைக் கழற்றி சர்வீசுக்குக் கொடுப்பது வீண் செலவு.

லைட்டுக்கு பேட்டரியிலிருந்து பிளஸ், மைனஸ் இரண்டையும் 2.5 சதுர மி.மீ. ஒயரில் தனியாகக் கொண்டுவர வேண்டும். 30 ஆம்பியர் ரிலே, 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். செட்டுக்கான ஒயரும் ஃபியூஸும் வேறு. பிறகு கேரியரையும் பாடியையும் இரண்டு இடத்தில் பின்னல் பட்டையால் இணைக்க வேண்டும். பெயின்ட்டை இரும்பு தெரியச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, மேலே கிரீஸ் தடவாவிட்டால் மலை ஈரத்தில் துருப்பிடித்துப் பழைய கதைதான்.

ஹாம்கள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை (அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு) ஆன்டெனா கம்பி சுமார் 49 செ.மீ. கொஞ்சம் நீளமாகவே வைத்து, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆன்டெனா செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டுவது) பார்த்து இரண்டிரண்டு மி.மீ.யாக நறுக்குங்கள். 1.5க்குள் வந்தால் நல்லது. 2ஐத் தாண்டினால் செட்டில் பேசுவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். ஆன்டெனாவுக்கு இடம், கூரையின் நடு. லைட்டிலிருந்து அரை மீட்டராவது தள்ளியிருக்கட்டும். ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியில் போகிறவர்கள் ஆன்டெனாவுக்கு ஸ்பிரிங் வைத்த அடிப்பாகம் போட்டுக்கொள்ளலாம், கிளை தட்டினாலும் கம்பி வளைந்து நிமிரும். மலிவான எல்.இ.டி. லைட்டின் உள்ளே கரன்ட்டைச் சீராக்கும் டிரைவர் சர்க்யூட்டே இரைச்சல் கிளப்பும். அதன் ஒயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. கூரை உயர லைட் பனியில் பட்டுத் திரும்பி ஓட்டுநர் கண்ணையே கூசவைக்கும். கொண்டை ஊசி வளைவில் எதிரே இறங்குபவருக்கும் அதே கதி. முன்பக்க ஸ்பாட் லைட்டை மத்திய மோட்டார் வாகன விதி 111 தடுக்கிறது. கேரியர் லைட் மூட்டை ஏற்றி இறக்க, பின்பக்கம் பார்த்து நிற்கட்டும். பனிக்கு, பம்பர் மட்டத்தில் ஒரு ஜோடி மஞ்சள் லைட்.

— வாகன ஒயரிங் தொழிலாளர்கள், கோரிமேடு, சேலம்