கொரட்டூர்னு அடிச்சா ஏத்துக்கோங்க சார்

ஆன்லைன் விண்ணப்ப ஃபார்மை கட்டின டீமுக்கும் அதுக்கு ஓகே சொன்ன அதிகாரிகளுக்கும், வணக்கம்.

எந்த கட்டத்தை சொல்றேன்னு உங்களுக்கே தெரியும், இதுக்குள்ள புகார் வராமலா இருந்திருக்கும். அந்த "பகுதி" கட்டம்தான். எங்கம்மா ஃபோன்ல எங்க ஏரியா பேரு, சென்னை கொரட்டூரை, ஒரு எழுத்து பிசகாம அடிச்சாங்க, ஊர் பேர் லிஸ்ட்டும் விழுந்துச்சு, ஆனா பாதி கீபோர்டுக்கு அடியில. மெல்ல தள்ளி மேல கொண்டுவந்து விரலை வச்சா லிஸ்ட்டே காணோம், அடிச்சதும் அழிஞ்சு போச்சு, கீழ சிவப்புல "பட்டியலிலிருந்து தேர்வு செய்யவும்". எதை தேர்வு செய்ய, அதான் ஓடிப்போச்சே? நானும் வெப் டெவலப்பர்தான், என்ன நடக்குதுன்னு புரியுது. விரல் பட்டதும் கட்டத்தோட ஃபோகஸ், அதாவது டைப் பண்ற இடம்ங்கற நிலை, போயிடுது, அதை சொல்ற பிளர் ஈவென்ட், கிளிக் வர்றதுக்கு முன்னாடியே லிஸ்ட்டை மூடிடுது. அழுத்தின உடனே வர்ற மவுஸ்டவுன் ஈவென்ட்ல, ஃபோகஸ் போகாம தடுக்கற பிரிவென்ட் டிஃபால்ட் போட்டா தீர்ந்துது, ஒரு வரி வேலை.

சரின்னு லேப்டாப்ல பழைய ஃபைல்ல இருந்து பேரை காப்பி பண்ணி போட்டேன், "முடிவுகள் இல்லை". 'கொ'ல வர்ற கொம்பையும் காலையும், கம்ப்யூட்டர் எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுக்கற யூனிகோடுல ஒரே குறியாவும் வைக்கலாம், தனித்தனியா ரெண்டாவும் வைக்கலாம், கண்ணுக்கு ஒண்ணுதான், உங்க சர்ச்சுக்கு வேற வேற. ரெண்டையும் ஒரே மாதிரி ஆக்கற நார்மலைஸ் ஃபங்ஷன் 2015ல இருந்தே வெப் பக்கங்களை எழுதற ஜாவாஸ்கிரிப்ட் மொழியில இருக்கு, டைப் பண்ற பேருக்கும் லிஸ்ட்ல இருக்கற பேருக்கும் கூப்பிடுங்க. கொளத்தூர், கொட்டிவாக்கம், கோயம்பேடுக்காரங்களும் இதுலதான் மாட்டுவாங்க.

அதெல்லாம் மெதுவா பாத்துக்கலாம், முதல்ல டைப் பண்ணதை அப்படியே ஏத்துக்கோங்க. லிஸ்ட் உதவிக்குத்தானே, வாசல்ல நின்னு தடுக்கறதுக்கா? அடுத்த கட்டத்துலயே பின்கோடு கேக்கறீங்க, அப்புறம் என்ன சந்தேகம்?

இங்கிலீஷ்ல அடிங்கன்னு ஹெல்ப்லைன்ல சொன்னாங்க. எந்த ஸ்பெல்லிங்ல? 2020ல தமிழ்நாடு அரசாங்கமே 1018 ஊர் பேருக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் மாத்தி ஆணை போட்டு அந்த ஜூன்லயே வாபஸ் வாங்கிச்சு, ஆனா எங்கம்மா மட்டும் ஒரு ஆர், ரெண்டு ஆர், ரெண்டு டின்னு உங்க மனசுல இருக்கறதை கண்டுபிடிச்சு அடிக்கணும். பரிசு ஏதும் உண்டா? கண்ணு தெரியாதவங்களுக்கு திரையில இருக்கறதை படிச்சு சொல்ற ஸ்க்ரீன் ரீடர் வச்சிருக்கறவங்க நிலைமைய கேக்கவே வேணாம், இந்த கட்டத்துக்கு லிஸ்ட் உண்டுன்னு அதுக்கு சொல்ற காம்போபாக்ஸ் ரோல்கூட போடலை, லிஸ்ட் விழுந்ததே அவங்களுக்கு தெரியாது.

கோவத்துல கொஞ்சம் அதிகமா பேசிட்டேன், மன்னிக்கணும். கேக்கறது ஒண்ணுதான், லிஸ்ட்ல தொடலைன்னாலும் டைப் பண்ண பேரோட அடுத்த பக்கத்துக்கு விடுங்க. கடைசி தேதி நெருங்குது, அதுக்குள்ள தயவுசெஞ்சு சரி பண்ணிடுங்க, முடியாதுன்னா தேதியையாவது தள்ளி வைங்க.

இப்படிக்கு,
கொரட்டூர்ல இருந்து ஒருத்தன்