தொடையை அளந்து எழுது, மகன்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகனுக்கு,

நேற்று வீடியோவில் பேசிக்கொண்டிருந்த நீ, கதிரையை விட்டு எழும்பும்போது மேசையில் கையை ஊன்றினாய். வலது தொடை இடதைவிட மெலிந்திருப்பதும் என் கண்ணில் பட்டது. கேட்டதற்கு, "முழங்காலில் ஒப்பரேஷன் செய்து நான்கு மாதம்தானே அம்மா, தானாக வந்துவிடும்" என்றாய். அந்தத் "தானாக" என்ற சொல் என்னை இரவு தூங்கவிடவில்லை.

27 வருடம் எலும்புமுறிவு வார்டில் தாதியாக நின்றவள் நான். பிளாஸ்டரை வெட்டியதும் தன் காலைப் பார்த்துத் திடுக்கிடாத நோயாளியை நான் கண்டதில்லை. அசையாத தசை சில வாரங்களிலேயே கரையத் தொடங்கிவிடும். உன் காலில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. முழங்காலுக்குள் வீக்கமும் நீரும் இருக்கும்வரை, அங்கிருந்து முள்ளந்தண்டுக்குப் போகும் நரம்புச் செய்தி தொடையின் முன்தசையை அடக்கி வைக்கும். நீ எவ்வளவு முயன்றாலும் அது முழுதாக இறுகாது. நடந்து திரிந்தால் போதும் என்று நினைக்காதே. நடக்கும்போது நல்ல கால் பாரத்தை வாங்கிக்கொள்ளும், மெலிந்த கால் மெலிந்தபடியே கிடக்கும். காலை நீட்டி இறுக்கி, முழங்காலுக்குச் சற்று மேலே உட்பக்கமாகத் திரளும் தசையைத் தொட்டுப் பார். தளர்ந்திருந்தால், விட்ட பயிற்சியை உன் இயன்மருத்துவரிடம் போய் மறுபடி தொடங்கு.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் எழுதுகிறேன். போன வருடம் அப்பாவின் இடது தொடை வற்றியது. சாரத்துக்குள் இருக்கும் தொடையை யார் பார்க்கிறார்கள்? இரவில் தொடை எரிகிறது, குத்துகிறது என்றார், தைலம் பூசிவிட்டேன். உடம்பு இளைத்தது, வயது என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகும்போது, கோட்டைக்குள் மான்கள் மேயும் இடத்தைத் தாண்டி ஏற்றத்தில் முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் தூக்கித்தான் நிறுத்தினோம். முதலில் காட்டிய இடத்திலும் வயது என்றே சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வைத்தியர் முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் உதறவேயில்லை. நீரிழிவு தொடை நரம்புகளைத் தாக்கியிருந்தது. சீனி அவ்வளவு கூடியிருக்கவும் இல்லை. இந்த வருத்தம் அப்படியும் வரும் என்றார். மூன்று மாதம் என் கண்முன்னே நடந்ததை நான் வயதின் கணக்கில் எழுதியிருக்கிறேன், மகன். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வயதும் தசையைக் குறைக்கும்தான். சோற்றை நிறையப் போட்டு, மீனையும் பருப்பையும் பயறையும் குறைத்துச் சாப்பிடும் நம் வழக்கம் அதை விரைவுபடுத்தும். ஆனால் வயது இரண்டு காலையும் மெல்ல மெல்லத்தான் மெலிவிக்கும். ஒரு தொடை மட்டும் வற்றினால் முழங்காலையோ நரம்பையோ சந்தேகிக்க வேண்டும். இடுப்பு முள்ளந்தண்டில் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை நெரித்தாலும் தொடையின் முன்பக்கம் நொந்து மெலியும். இரண்டு தொடையும் சேர்ந்து பலமிழந்தால் தைராய்டு கூடியிருக்கிறதா, ஸ்டெரொயிட் குளிசை நெடுநாள் எடுத்ததா, தசையையே பிடித்த வருத்தமா என்று பார்ப்பார்கள். முதுகு நோவோடு சிறுநீர் அடைபட்டாலோ, கவட்டுப்பகுதி மரத்தாலோ ஒரு நாள்கூடப் பொறுக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

இப்போது நான் கேட்பது இதுதான். கட்டிலில் காலை நீட்டித் தளரவிட்டுப் படு. முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 சென்ரிமீற்றர் மேலே பேனையால் குறியிட்டு, இரண்டு தொடையின் சுற்றளவையும் நாடாவால் அள. நாடாவை இறுக்காதே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அளந்து எனக்கு எழுது. வித்தியாசம் குறையாவிட்டால் அந்த எண்களோடு உன் வைத்தியரிடம் போ.

அப்பாவின் வருத்தம் இன்னதென்று தெரிந்து எட்டு மாதமாகிறது. காலையில் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்புகிறார். நான் பக்கத்தில் நின்று எண்ணுகிறேன். ஏற்றத்தில் இன்னும் என் தோளைப் பிடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது நீயும் அவரோடு எழும்பு. இரண்டு பேருக்கும் சேர்த்தே எண்ணுகிறேன்.

அன்புடன்,
அம்மா