சம்பளத்துக்கு ஓட்டுவதா, சொந்த லாரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாமக்கல், சங்ககிரி பக்கம் சம்பளத்துக்கு லாரி ஓட்டுகிற பையன்கள் பலருக்கும் சொந்தமாக ஒரு வண்டி எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, தப்பில்லை, ஆனால் மாதாமாதம் டியூ கட்டினால் போதும் என்று நினைத்து இறங்கிவிடுகிறார்கள். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இன்சூரன்ஸ், பெர்மிட், காலாண்டு வரி எதுவும் நிற்காது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று வாங்குகிற எஃப்சி சான்று, வண்டிக்கு 8 வருஷம் ஆகும் வரை 2 வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம். டீசலும் டோலும் கைக்காசில் முன்னாடியே போய்விடும், வாடகைப் பாக்கியோ லோடு கொடுத்த பார்ட்டி மனசு வைக்கும்போதுதான் வரும். வடக்கே போய் ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் நின்றால் அந்த நஷ்டமும் நம் தலையில்தான்.

கம்பெனி வேலையும் சொர்க்கம் இல்லை. நாளுக்கு 8 மணி நேரம் என்று 1961லேயே சட்டம் போட்டார்கள், லாரித் தொழிலில் அதை யார் பார்த்தார்கள்? ஆனாலும் பிஎஃப், இஎஸ்ஐ ஒழுங்காகப் பிடிக்கிற இடம் கிடைத்தால் விட வேண்டாம். டயர் வெடித்தால் அது முதலாளி கவலை. கையில் நல்ல முதலும், நிலையாக லோடு தருகிற ஓர் இடமும் அமையும் வரை பொறுக்கலாம் என்பது என் கருத்து. கடன் கொடுக்கிறவர்களும் வண்டியின் மதிப்பை மட்டும் பார்க்காமல், லோடு எங்கிருந்து வரும் என்றும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர் ஒருவர், நாமக்கல்