குறை பெண் முயலிடம் மட்டும்தானா?

அம்மாடி,

மூன்று பெண் முயல்களையும் நான்கு தடவை சேர்த்துவிட்டு ஒன்றுகூட சினை பிடிக்கவில்லை, எல்லாம் மலடோ என்று எழுதியிருக்கிறாய். ஆண் முயலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. மூன்றும் ஒரே ஆணிடம் போய் மூன்றும் வெறுமையாகத் திரும்பினால், முதலில் பார்க்க வேண்டியது அவனைத்தான்.

அவனை மல்லாக்கப் பிடித்துப் பார். விதை இரண்டும் ஒரே அளவில், உருண்டு திரண்டு இருக்க வேண்டும். பயந்தாலோ குளிர் அடித்தாலோ அவற்றை உள்ளே இழுத்துக்கொள்வான், அதனால் ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதே. சுருங்கித் தொளதொளவென்று இருந்தால் காரணம் பெரும்பாலும் வெயில்தான். கூண்டுக்குள் 30 டிகிரியைத் தாண்டிய சூடு சில நாள் தொடர்ந்தாலே விந்தின் தரம் கெட்டுவிடும். வேடிக்கை என்னவென்றால் அவன் ஆசைக்கு ஒரு குறையும் வராது. ஏறுவான், விழுவான், எல்லாம் நடக்கும், சினை மட்டும் நிற்காது. புது விந்து ஊறித் தேற ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். அதனால் நீ இந்த மாதம் சேர்த்ததற்கான பலனை, போன மாதத்து வெயில் தீர்மானித்திருக்கலாம். அவனை நிழலும் காற்றோட்டமும் உள்ள பக்கம் மாற்று. பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துக் கூண்டுக்குள் படுக்கவைத்தால் அதை ஒட்டிப் படுத்துக்கொள்வான். இரண்டு மாதத்துக்குப் பிறகு திரும்பச் சேர்த்துப் பார்.

அவன் பின்னங்கால் பாதத்தையும் பார்த்துவிடு. கம்பி வலை அறுத்துப் புண்ணாகியிருந்தால் வலியில் ஏறமாட்டான். உட்கார ஒரு பலகை போடு, லேசான புண் என்றால் ஆறிவிடும். பிறப்புறுப்பிலோ உதட்டிலோ பொருக்குத் தட்டிய புண் இருந்தால் அது வேறு விஷயம். முயலுக்கென்றே ஒரு மேகநோய் உண்டு. சேரும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். அதற்குப் பென்சிலின் ஊசியைக் கால்நடை மருத்துவர்தான் போட வேண்டும், சேர்ந்த எல்லா முயலுக்கும். அந்த மருந்தை வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிரெல்லாம் அழிந்து, கழிச்சல் கண்டு செத்துப்போகும்.

இனி பெண் முயலுக்கு வருவோம். மாட்டைப் போல இதற்கு நாள் கணக்கில் பருவச் சூடு வராது. சேர்ந்த பிறகுதான், சுமார் பத்து மணி நேரம் கழித்து, கருமுட்டை வெளிவரும். அதற்காக எந்த நாளில் விட்டாலும் சேரும் என்று நினைக்காதே. வாலைத் தூக்கிப் பிறப்புறுப்பின் நிறத்தைப் பார்: வெளுத்திருந்தால் இன்றைக்கு வேண்டாம், நல்ல சிவப்பாக ஈரத்தோடு இருந்தால் உடனே சேர், கருஞ்சிவப்பாகிவிட்டால் பருவம் தாண்டுகிறது.

எப்போதும் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தன் கூண்டுக்குள் வந்தவனை அவள் கடித்துக் குதறுவாள், அவனோ மூலை மூலையாக மோந்துகொண்டே நேரத்தைத் தொலைப்பான். பக்கத்திலேயே நின்று பார். அவன் ஒரு முனகலோடு பக்கவாட்டில் சரிந்து விழுந்தால்தான் சேர்ந்ததாகக் கணக்கு. பத்து நிமிடத்தில் நடக்கவில்லையென்றால் எடுத்துவிட்டு மறுநாள் முயற்சி செய். வெகுநாள் சும்மா இருந்த ஆணின் முதல் விந்தில் பழைய சரக்கே அதிகம், அதனால் அன்றைக்கே இன்னொரு தடவை சேர்ப்பது நல்லது. இரவெல்லாம் ஒன்றாக விட்டுவைப்பதை இனி நிறுத்திவிடு. தேதியும் தெரியாது, சண்டையில் காயமும் மிச்சம்.

கொழுப்பு அடுத்த காரணம். முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டினால் எலும்பு உருண்டையாகத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவே இல்லையென்றால் சினைப்பையைச் சுற்றியும் கொழுப்பு கட்டியிருக்கும். அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, காய்ந்த புல்லை வேண்டுமளவு கொடு. ஒரேயடியாகப் பட்டினி போட்டால் ஈரல் கெட்டுவிடும். பகல் குறுகிய மாதங்களில் பெண்கள் ஆணை அண்டவிடாமல் அடம்பிடிக்கும். ஒரு விளக்குப் போட்டு நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கச் செய். முடி உதிரும் சமயத்தில் கட்டாயப்படுத்தாதே. மூன்று வயது தாண்டியவளிடம் அதிகம் எதிர்பார்க்காதே.

சினை நின்றதா என்று பார்க்க அவளைத் திரும்ப ஆணிடம் விடுவதாக எழுதியிருக்கிறாய். அது சோதனையே இல்லை. சினையான முயலும் சில நேரம் இணங்கும், சினையாகாததும் சில நேரம் விரட்டும். சேர்த்த 12ஆம் நாளிலிருந்து 14க்குள், ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையை அடிவயிற்றில் கொடுத்து, விரல்களுக்கு இடையே மெதுவாக நழுவவிட்டுப் பார். திராட்சைப் பழம்போல் வழுக்கும் உருண்டைகள் தென்பட்டால் சினைதான். புழுக்கை அதைவிடக் கெட்டியாக, சிறிதாக, முதுகை ஒட்டி இருக்கும். அழுத்தினால் கரு கலைந்துவிடும், ஜாக்கிரதை.

பதினாறு, பதினெட்டாம் நாளில் ஒருத்தி முடியைப் பிடுங்கிக் கூடு கட்டினாள் என்றாயே, அது பொய்ச்சினை. ஆண் விந்து செத்திருந்தாலும், ஒரு பெண் மேல் இன்னொரு பெண் ஏறினாலும்கூட வரும். அது முடிந்த கையோடு சேர்த்தால் நன்றாகப் பிடிக்கும். பெண்களைத் தனித்தனிக் கூண்டில் வை.

சினை நின்றுவிட்டால் கணக்கு 31 நாள். 28ஆம் நாள் குட்டிப் பெட்டியை வை. நடுத்தர முயலுக்கு 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், உயரமும் 30 போதும், உள்ளே காய்ந்த புல். அதற்கு முன்னால் வைத்தால் அதைக் கழிப்பிடமாக்கிவிடுவாள். 32ஆம் நாளும் தாண்டினாலோ, முக்கியும் குட்டி வராமல் இருந்தாலோ மருத்துவரைக் கூப்பிடு. ஒன்றிரண்டு குட்டி மட்டும் இருந்தால் அவை பெரிதாக வளர்ந்து சிக்கிக்கொள்வது உண்டு. இழுக்க நீ கை வைக்காதே.

ஒருத்தி குட்டியைத் தின்றுவிட்டாலும் அதற்காக அவளைக் கழித்துக்கட்டாதே. தலைப்பிரசவத்தில் பயத்தாலும், தாகத்தாலும், செத்த குட்டியைச் சுத்தம் செய்யப்போய்த் தவறியும் அப்படி நடக்கும். பிரசவ நாளில் தண்ணீர் தீரவே கூடாது. நாயும் கூட்டமும் அந்தப் பக்கம் வரக் கூடாது. இரண்டாம் ஈற்றிலும், மூன்றாம் ஈற்றிலும் அதையே செய்தால் அப்போது யோசிக்கலாம். பெட்டிக்கு வெளியே விழுந்து சில்லிட்டுக் கிடக்கும் குட்டி செத்துவிட்டதென்று தூக்கி எறிந்துவிடாதே, கையிலோ வெதுவெதுப்பான துணியிலோ வைத்துச் சூடேற்றிப் பார். சூடேறிய பிறகும் அசையவில்லையென்றால்தான் செத்தது. தாய் நாளுக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம்கூட இல்லாமல், பால் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். கவனிக்கவில்லை என்று பதறாதே. காலையில் குட்டியின் வயிறு உருண்டிருக்கிறதா என்று மட்டும் பார்.

ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டை தொங்கவிடு. சேர்த்த தேதி, பார்த்த நிறம், விழுந்தானா இல்லையா, அன்றைய சூடு, இவ்வளவும் எழுது. ஆணின் விதையையும் பாதத்தையும் நாளைக்கே பார்த்துவிட்டு எனக்கு எழுது. மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா