இறையியல் படிக்கப் போகும் உன் மகளைப் பற்றி

கர்த்தருக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மதினிக்கு முழங்கால் வலி தணிந்திருப்பது மகிழ்ச்சி. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருக்காரர்கள் கடன் விண்ணப்பத்தோடு உன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். இங்கே நாங்கள் சுகம். நான் குருவாக மாற்றலாகி வந்த சேகரம் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுப்பு) பெரியது, கிளைச் சபைகளும் தூரத்தில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது மதியச் சாப்பாடு ஆறிப் போயிருக்கும். மற்றபடி குறையில்லை.

நேராக உன் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். பி.காம். முடித்து, ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பழகி, கைநிறையச் சம்பளம் வாங்கத் தொடங்கும் நேரத்தில் இறையியலில் பி.டி. பட்டம் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னதும் நீ திகைத்ததில் வியப்பில்லை. பெண்ணுக்குச் சபையில் இடம் கிடைக்குமா என்ற உன் முதல் கவலையை ஒரு வரியில் தீர்த்துவிடலாம்: 2013இல் நம் தென்னிந்தியத் திருச்சபையின் நந்தியால் பேராயத்துக்கு இ. புஷ்பலலிதா பேராயராகவே அபிஷேகம் பெற்றார். கேள்வி கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் கதவு திறந்துதான் இருக்கிறது. உன் இரண்டாவது கேள்விதான் என்னை இந்தக் கடிதத்தை நீளமாக எழுத வைக்கிறது. அவள் இறையியலோடு எம்.பி.ஏ.வும் தபால் வழியில் படிக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே, ஊழியத்துக்குப் போகிறவளுக்கு லாப நஷ்டக் கணக்கு எதற்கு என்றும் நீயே எழுதியிருக்கிறாய். முப்பது வருடம் வங்கியில் இருந்தவன் இப்படிக் கேட்கலாமா?

அவள் வாங்கப்போகும் பி.டி. பட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார். மதுரை அரசரடியில் படித்தாலும் சென்னை குருகுலத்தில் படித்தாலும் பெங்களூரில் படித்தாலும் அந்தப் பட்டத்தை வழங்குவது வங்காளத்திலுள்ள செராம்பூர்க் கல்லூரிதான். 1818இல் அந்தக் கல்லூரியைத் தொடங்கிய மூவரும் பணத்தைக் கண்டு கூசியவர்கள் அல்லர். செருப்புத் தைக்கும் தொழில் பழகிய வில்லியம் கேரி 1793இல் வங்காளத்துக்கு வந்தார். வந்த மறு ஆண்டே மத்னாபதியில் ஓர் அவுரிச் சாயத் தொழிற்சாலையின் மேலாளராக வேலைக்குச் சேர்ந்து, பிழைப்பையும் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக நடத்தினார். 1800இல் டேனியர் ஆட்சியிலிருந்த செராம்பூருக்கு அவர் இடம் மாறியபோது, அச்சுத் தொழில் தெரிந்து பத்திரிகை ஆசிரியராகவும் இருந்த வில்லியம் வார்ட் அச்சகத்தை ஏற்றார். ஜோஷுவா மார்ஷ்மனும் அவர் மனைவி ஹன்னாவும் கட்டணப் பள்ளிகளை நடத்தினார்கள். கேரி மறு ஆண்டிலிருந்து கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மொழி கற்பித்துச் சம்பளம் வாங்கினார். பள்ளியின் வருமானம், அச்சகத்தின் வருமானம், கேரியின் சம்பளம் எல்லாம் ஒரே பொதுப் பெட்டிக்குள் போயின. அவரவர் குடும்பத்துக்கு அதிலிருந்து சிறு படிதான். இந்த ஏற்பாட்டை அவர்கள் 1805இல் எழுதி ஒப்பந்தமாகவே ஆக்கிக்கொண்டார்கள். 1812 மார்ச்சில் அச்சகம் தீப்பிடித்துக் காகிதமும் எழுத்துருக்களும் கையெழுத்துப் படிகளும் எரிந்தபோது, அவர்களால் மறுபடியும் எழ முடிந்ததற்கு இங்கிலாந்திலிருந்து வந்த காணிக்கை ஒரு காரணம் என்றால், தொழில் கைவசம் இருந்தது மற்றொரு காரணம்.

ஆனால் கதையின் மறுபாதியையும் உன் மகள் படிக்க வேண்டும்; என்னைக் கேட்டால் அதுதான் பாடம். சொந்த உழைப்பில் வாங்கிய கட்டடங்களும் நிலங்களும் யார் பெயரில் இருப்பது, அவற்றுக்கு அறங்காவலர் யார் என்ற கேள்வி அவர்களை அனுப்பிய பாப்டிஸ்ட் மிஷனெரி சங்கத்துக்கு லண்டனில் புதிய தலைமுறைக் கமிட்டி வந்ததும் எழுந்தது. செராம்பூரிலேயே இளைய மிஷனெரிகள் மூத்தவர்களோடு ஒத்துப்போகாமல் பிரிந்தார்கள். எழுத்தில் தெளிவில்லாத சொத்துரிமையும், கடல் கடந்து மாதக்கணக்கில் பயணம் செய்த கடிதங்களும், இரு தரப்பின் தன்மானமும் சேர்ந்து 1827இல் செராம்பூரைத் தாய்ச் சங்கத்திலிருந்தே பிரித்துவிட்டன. அதே ஆண்டில்தான் டென்மார்க் மன்னர் அந்தக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமைச் சாசனத்தைக் கொடுத்தார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. சங்கத்தோடு மறுபடியும் இணைந்தது 1837இல். கேரி அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். அந்த மூவரின் நேர்மையை எவரும் சந்தேகிக்க வேண்டியதில்லை. நேர்மையானவர்களுக்கும் ஆவணம் வேண்டும் என்பதைத்தான் நான் அங்கே காண்கிறேன்.

சுவிட்சர்லாந்திலிருந்து வந்து மங்களூரில் ஊழியம் செய்த பாசல் மிஷனை இதோடு ஒப்பிட்டுப் பார். ஞானஸ்நானம் பெற்றதால் சாதியையும் பிழைப்பையும் ஒருசேர இழந்தவர்களுக்கு வேலை கொடுக்க அவர்கள் நெசவும், 1865இலிருந்து ஓட்டுத் தொழிற்சாலையும் நடத்தினார்கள். மங்களூர் ஓடு என்று நம் பாட்டன் காலத்து வீடுகளின் கூரையில் கிடந்ததன் தொடக்கம் அதுதான். ஆனால் அவர்கள் 1859இலேயே வணிகத்துக்கென்று தனிக் கம்பெனி அமைத்து, மிஷனின் கணக்கிலிருந்து அதைப் பிரித்தும் வைத்தார்கள். முதலாளியே மேய்ப்பனாகவும் இருக்கும்போது கூலி குறைவு என்று தொழிலாளி எங்கே போய்ச் சொல்வான் என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை. அது எந்தக் கம்பெனி அமைப்பாலும் தீராது. இருந்தாலும் எது சபைப் பணம், எது வியாபாரப் பணம் என்பதாவது தெளிவாக இருந்தது.

இதையெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிடாதே. நம் பக்கத்து அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவதை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு சேகரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து வந்திருந்த செல்வந்தர் ஒருவர் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பல ஆயிரத்துக்குக் கேட்டார், கூட்டம் கைதட்டியது, உபதேசியார் பெயரையும் தொகையையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அன்று மாலையே அந்தத் தொகை பண்டிகை வரவு என்று பலகையில் ஏறியது. பெட்டியில் விழுந்தது அதில் பாதிகூட இல்லை, ஏனென்றால் ஏலம் எடுத்தவர்களில் பலர் கடன் சொல்லிவிட்டுப் போனவர்கள். மறு ஆண்டு கமிட்டியில், பணம் எங்கே என்று ஒருவர் கேட்க, குருவானவர்தான் தின்றுவிட்டார் என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. அந்த மனிதர் ஒரு ரூபாய் தொட்டவரல்லர். வந்த பணத்தையும் வரவேண்டிய பணத்தையும் தனித் தனியாக எழுத அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை, அவ்வளவுதான். எபிரேய வினைச்சொற்களைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்தவர். உன் மகள் ஆடிட்டர் அலுவலகத்தில் முதல் மாதத்திலேயே கற்றிருக்கக்கூடிய ஒரு காரியம் அவரைக் காப்பாற்றியிருக்கும். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, தர்மப்பணத்தைக் குறித்து ஒருவனும் தங்களைக் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாயிருப்பதாகச் சொல்கிறார்; காணிக்கையைக் கொண்டுபோகத் தம்மோடு சபைகள் தெரிந்தெடுத்த வேறு ஆளையும் சேர்த்துக்கொள்கிறார். காணிக்கையை இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணி இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும் என்ற நம் வெஸ்ட்ரி (ஆலய அலுவலக அறை) வழக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது. கூடாரத் தொழில் செய்தவருக்குப் பணத்தைப் பற்றி மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்திருந்தது.

இன்று ஒரு குருவானவர் கையெழுத்திடும் தாள்களைக் கேள். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி பதிவேட்டை அவர்தான் நிரப்ப வேண்டும். காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில்தான் திருமணம் நடத்த வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் பொது விதி என்பது முகூர்த்தம் தள்ளிப்போகும் வீட்டாருக்குத் தெரியாது, இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறக்கட்டளையின் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டிலேயே நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும், இல்லையேல் முறைப்படி சேமித்து வைத்ததாகத் தெரிவிக்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடைக்காது என்பதைக் காணிக்கை தரும் முதியவரிடம் பணிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு உதவி பெறும் விடுதியோ மருத்துவமனையோ இருந்தால், 2020இல் திருத்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி அந்தப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லிப் பிரதானக் கிளைக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு இருபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்னொரு நிறுவனத்துக்கு அதைக் கைமாற்றவும் முடியாது. நம் கோவில் நிலங்கள் எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றன தெரியுமா? தென்னிந்தியத் திருச்சபை டிரஸ்ட் அசோசியேஷன் என்பது கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான ஒன்று. இதெல்லாம் ஆடிட்டரின் வேலை என்று ஒதுங்கும் குருவானவர், தான் படிக்காத தாளில் தன் பெயரை எழுதுகிறார். எந்தத் திருச்சபையிலும் சேராத தனிச் சபைகளில் நிலைமை இன்னும் மோசம்: போதகரின் சொந்தப் பெயரில் பத்திரம் பதிந்து, அவர் கண்மூடியதும் பிள்ளைகளுக்கும் சபையாருக்கும் நடுவே வழக்கு ஏறிய இடங்களை நீயும் அறிவாய்.

அப்படியானால் எம்.பி.ஏ. படிக்கட்டும் என்றுதான் நான் சொல்லப்போகிறேன் என்று நினைப்பாய். இல்லை. இப்போது வேண்டாம். பி.டி. படிக்கும் ஆண்டுகளில் அவள் முழு மனதோடு பி.டி.யே படிக்கட்டும். இரண்டு தேர்வுகளுக்கு ஒரே இரவில் படிக்கிற பிள்ளை இரண்டிலும் மேலோட்டமாகத்தான் மிதக்கும். அதைவிட, மேலாண்மைப் படிப்பு கொண்டுவரும் ஒரு பார்வையைக் கண்டு எனக்கு அச்சம் உண்டு. சபையாரை வாடிக்கையாளர் என்றும், ஆராதனைக்கு வரும் தலைகளை இலக்கு என்றும், சிறிய கிளைச் சபையை லாபமில்லாத கிளை என்றும் பேசும் பயிற்சி முகாம்களுக்கு நானும் போயிருக்கிறேன். மூன்று விதவைகளும் ஒரு மாட்டுக்காரரும் மட்டும் கூடும் கிளைச் சபைக்கு மழையில் போய்வருவதை எந்த வரைபடத்தில் எந்தக் கோட்டில் குறிப்பது? வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் தோர்ணக்கல்லின் பேராயரான அசரியா நிர்வாகம் தெரியாதவர் அல்லர், ஒய்.எம்.சி.ஏ. செயலராக ஊர் ஊராகச் சுற்றி அமைப்பு நடத்தப் பழகியவர். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தை அவரும் மற்றவர்களும் தொடங்கியபோது அதற்கு வைத்த கொள்கையே இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதுதான். மூன்றாவது சொல்லை அவர்கள் வெட்கப்படாமல் சேர்த்தார்கள். ஆனால் அந்த நிர்வாகம் மக்கள் தங்கள் கையால் கொண்டுவந்த சிறு காணிக்கையைச் சுற்றி வளர்ந்தது.

தலைமைப் பண்பு என்று நீ எழுதியிருப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மேடையில் கற்கும் விஷயம் அல்ல. சேகரக் கமிட்டியில் கற்பது. திருமண்டலத் (பேராயத்) தேர்தல் நெருங்கும்போது ஒரே பெஞ்சில் இரண்டு கட்சியும் அமர்ந்திருக்க, நாற்காலியில் இருக்கும் குருவானவர் தன் கருத்தைக் கடைசியில் சொல்லப் பழகியிருந்தால் பாதிச் சண்டை எழாது. முந்தின கூட்டக் குறிப்பை வாசித்து உறுதி செய்யாமல் அடுத்த பொருளுக்குப் போகாதிருப்பது, அஜெண்டாவில் இல்லாததை எடுக்கிறவரிடம் சிரித்தபடியே மறுப்பது, தோற்றவர் வீட்டுக்கு அடுத்த நாளே ஜெபிக்கப் போவது: இவற்றை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் கண்டதில்லை. உன் மகளுக்கு இதில் கூடுதல் கஷ்டம் இருக்கும். வயதில் மூத்த ஆண்கள் அவள் கணக்குக் கேட்டால் சின்னப் பிள்ளை என்பார்கள். அப்போது கணக்கில் அவளுக்கு இருக்கும் பிடிப்பு அவளுக்கு உதவும். பிரசங்கத் திறமை அந்த இடத்தில் அவ்வளவாக உதவாது.

ஆகவே என் யோசனை இது. அவள் பி.டி.க்குப் போகட்டும். வேலையை விடும் முன், சபைகள், அறக்கட்டளைகள் ஆகியவற்றின் தணிக்கை தன் கைக்கு வரும்படி ஆடிட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல். அது எந்தச் சான்றிதழையும்விடப் பயன்படும். விடுமுறைகளில் ஒரு மிஷன் பள்ளியின் அலுவலகத்திலோ விடுதியிலோ உட்கார்ந்து சம்பளப் பட்டியலும் வருங்கால வைப்பு நிதியும் பார்க்கட்டும். அபிஷேகம் பெற்றுச் சில ஆண்டுகள் சேகரத்தில் இருந்த பிறகு, தனக்கு எது தெரியவில்லை என்பது தெளிவான பின்பு, மேலாண்மைப் படிப்பு வேண்டுமென்று அவளே கேட்டால், அப்போது நீ பணம் கட்டு. அதற்குள் உன் ஓய்வூதியமும் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

இங்கே சேகரக் கணக்குகள் மார்ச் முடிவில் மூடப்படும். அவளுக்கு விருப்பமிருந்தால் பிப்ரவரியிலேயே வந்து பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கட்டும். எங்கள் பொருளாளர் வயதானவர், உதவிக்கு ஆள் கிடைத்தால் மறுக்க மாட்டார், கேள்வி கேட்டால்தான் சற்றுக் கோபிப்பார். கல்லூரி விண்ணப்பத்துக்குச் சேகர குருவின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். உங்கள் சபைக் குருவானவரிடம் அதை இப்போதே கேட்டு வைத்துவிடு; கடைசி நேரத்தில் அவர் ஊரில் இருக்க மாட்டார். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்