டார்ஷா கேல் கோப்பையையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலிய மகளிர் ரக்பி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த விளையாட்டைப் பற்றி யாராவது எழுதுவதே அபூர்வம். அதற்காகவே கட்டுரையாளருக்கு நன்றி. முதலில் ஒரு சின்னத் திருத்தம், கட்டுரை ரக்பி யூனியனையும் ரக்பி லீக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியப் பெண்கள் தங்கம் வென்றது ரக்பி யூனியனின் எழுவர் ஆட்டத்தில். சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் மக்கள் உயிரை விடும் ரக்பி லீக் வேறு ஆட்டம். இதில் அணிக்கு 13 பேர். ஆறு முறை மடக்கிப் பிடிக்கப்பட்டால் (இதுதான் டேக்கிள்) பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்கும் ஒரு ட்ரைக்கு 4 புள்ளி, யூனியனில் 5. இரண்டையும் குழப்பிக்கொள்வது நம் ஆட்களிடம் சகஜம்தான். ஆனால் இங்கே பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் பாடம் கேட்க வேண்டியிருக்கும்.

நான் எழுத வந்தது அதற்காக அல்ல, பதின்ம வயதுப் பெண்களுக்கான ரக்பி லீக் போட்டியான டார்ஷா கேல் கோப்பையைப் பற்றி. 2018இல் நாட்டின் உச்ச மகளிர் ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல் (தேசிய ரக்பி லீக்) மகளிர் பிரீமியர்ஷிப் தொடங்கியதும் பெண்கள் திடீரென்று ரக்பி லீக்குக்கு வந்துவிட்டார்கள் என்ற தொனி அந்தக் கட்டுரை முழுக்க இருந்தது. பெண்கள் எப்போதோ வந்துவிட்டார்கள், விளையாடத்தான் இடம் இல்லை. 1921 செப்டம்பரில் சிட்னியில் இரண்டு பெண்கள் அணிகள் மோதியதைப் பார்க்க இருபதாயிரம் பேர் அளவில் கூடியதாகச் சொல்வார்கள். மேகி மலோனி என்ற இளம்பெண் அன்று நான்கு ட்ரை போட்டார். அவ்வளவு கூட்டத்தைப் பார்த்த பிறகும் ஆண்களின் நிர்வாகம் ஆதரவு தரவில்லை. ஆஸ்திரேலிய மகளிர் அணி இன்னொரு நாட்டு அணியோடு முதல் டெஸ்ட் ஆட 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு இடைவெளி. இங்கே சிறுமிகள் பையன்களோடு சேர்ந்து 12 வயதுவரை ஆடலாம். அதன் பிறகு பிரித்துவிடுவார்கள். பல வருடங்களாக, அப்படிப் பிரிக்கப்பட்ட பெண்ணுக்குப் போக இடமே கிடையாது. நெட்பாலுக்கோ, மோதாமல் தொட்டாலே போதும் என்ற டச் ஃபுட்பாலுக்கோ போவாள், இல்லாவிட்டால் விளையாட்டையே விட்டுவிடுவாள். ஜில்லரூஸ் என்ற செல்லப்பெயர் கொண்ட தேசிய மகளிர் அணியில் ஆடிய மூத்தவர்களின் பேட்டிகளைப் படித்தால், இந்தக் கதை திரும்பத் திரும்ப வரும். பெரியவளாகித் தானே தேடிப்போய் மறுபடி பந்தைத் தொட்டவர்கள் அவர்கள். தேடிப் போகாமல் நின்றுவிட்டவர்களை யார் எண்ணினார்கள்?

அந்த இடைவெளியில் போட்ட பாலம்தான் சிட்னி இருக்கும் மாநிலத்தின் அமைப்பான நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக் நடத்தும் டார்ஷா கேல் கோப்பை. மாநில அணிக்கும் தேசிய அணிக்கும் தலைமை தாங்கிய டார்ஷா கேலின் பெயரில் 2017இல் ஒன்பது பேர் ஆட்டமாக ஆரம்பித்து, அடுத்த வருடமே 13 பேர் ஆடும் முழு ஆட்டமானது. முதலில் 18 வயதுக்குட்பட்டோருக்கு, இப்போது 19 வயதுக்குட்பட்டோருக்கு. பாராமட்டா, பென்ரித், நியூகாசில், கான்பெரா என்று பெரிய கிளப்புகளின் சட்டையைப் போட்டுக்கொண்டு இந்தப் பெண்கள் இறங்குகிறார்கள். இதற்குக் கீழே 17 வயதுக்குட்பட்டோருக்கு லிசா ஃபியாவோலா கோப்பை என்று இன்னொரு படியும் வந்துவிட்டது.

பலன் என்ன என்று கேட்பவர்கள் ஜெசி சவுத்வெல்லைப் பார்க்கட்டும். நியூகாசில் அணிக்காக இந்தக் கோப்பையில் ஆடிவிட்டு, அதே 2022இல் சிறப்பு அனுமதியோடு 17 வயதில் என்ஆர்எல் மகளிர் பிரீமியர்ஷிப்புக்குப் போனவர். அந்த அக்டோபரில் நியூகாசில் இறுதி ஆட்டத்தில் பாராமட்டாவை 32-12 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. மறு வருடமும் அவர்கள்தான்.

சரி, இவ்வளவு நன்றாகப் போகிறதென்றால் எனக்கு என்ன குறை? ஏணி 19இல் நின்றுவிடுகிறது, அதுதான் குறை. பையன்களுக்கு 19 வயதுக்குட்பட்டோருக்கான எஸ்.ஜி. பால் கோப்பை 1965 முதல் நடக்கிறது. அதை முடித்தவனுக்கு 21 வயதுவரை ஜெர்சி ஃபிளெக் கோப்பை இருக்கிறது, அது 1961இலிருந்து. உடம்பு முறுக்கேறவும், ஒரு தோல்வியிலிருந்து எழுந்து வரவும் அவனுக்கு இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைக்கிறது. பெண்ணுக்கு அப்படி ஒரு படி இல்லை. 19 முடிந்ததும் நேராக மாநிலத்தின் மூத்த மகளிர் போட்டி. அங்கே எதிரில் நிற்பவர் உலகக் கோப்பை ஆடியவராகக்கூட இருக்கலாம். அதற்கும் மேலே போக வேண்டும் என்றால், என்ஆர்எல் மகளிர் பிரீமியர்ஷிப்பில் இருப்பது 12 அணிகள், அணிக்கு இருபத்துச் சொச்சம் பேர். அந்த இடங்களுக்கு குயின்ஸ்லாந்துப் பெண்களும் நியூசிலாந்துப் பெண்களும் போட்டி போடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் வயது கடந்து வெளியே வரும் பெண்களில் எத்தனை பேருக்கு அங்கே இடம் கிடைக்கும்?

நிர்வாகிகளின் வழக்கமான பதில் எனக்குத் தெரியும். ஆட்கள் போதாது, தரம் நீர்த்துப்போகும், பணம் எங்கே. மகளிர் பிரீமியர்ஷிப்பை நான்கு அணியிலிருந்து ஆறு, பத்து, பன்னிரண்டு என்று விரிக்கும்போதும் இதே பேச்சு வந்தது. அணிகள் கூடின, ஆட்டமும் மேம்பட்டது. இத்தனைக்கும் டார்ஷா கேல் ஆட்டங்கள் பிப்ரவரியை ஒட்டித் தொடங்கி மே தொடக்கத்துக்குள் முடிந்துவிடுகின்றன. நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்கள் மோதும் 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்துக்குத் தேர்வாகும் சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அத்தோடு உயர்மட்ட ஆட்டம் முடிந்தது. வருடத்தின் மீதி மாதங்களில் 21 வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்று வைக்க நாட்காட்டியில் தாராளமாக இடம் இருக்கிறது. ஆறு அணிகளோடு ஆரம்பித்தாலும் போதும்.

நம் வீட்டுப் பெற்றோர் இதைப் படித்துவிட்டு, "அடிபட்டால் யார் பார்ப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஒரு பருவம் முழுக்கப் போய்விடும். தலையில் அடிபடுவது இன்னும் பெரிய கவலை. ஆனால் விதிகளும் சும்மா இல்லை. மூளை அதிர்ச்சி ஏற்பட்ட 19 வயதுக்குட்பட்டவர்கள் குறைந்தது 21 நாட்கள் மோதல் ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்று ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் 2024இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. என்னைக் கேட்டால், நேற்றுவரை தன் வயதுப் பெண்களோடு ஆடியவளை இன்று முப்பது வயதுக்காரியின் டேக்கிளுக்கு முன்னால் நிறுத்துவதுதான் கூடுதல் ஆபத்து. நடுவில் ஒரு படி வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். படிப்பைப் பற்றிய கவலைக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. இந்தப் பெண்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு. பயிற்சி முடித்து இரவில் வீட்டுக்குப் போய்ப் பாடம் படிப்பவர்கள். தொழில்முறை வீராங்கனைகளுக்கே 2023இல் குறைந்தபட்ச ஊதியம் முப்பதாயிரம் டாலர்தான், ஆகவே "ரக்பி இருக்கிறது, படிப்பு வேண்டாம்" என்று இங்கே எந்தப் பெண்ணும் சொல்வதில்லை.

தங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். மேற்கு சிட்னியில் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் நம்மவர்கள் எவ்வளவு பேர் இருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். ரக்பி லீக் ஆடும் ரிங்ரோஸ் பார்க் மைதானத்தைத் தாண்டித்தான் மளிகைக் கடைக்கும் கோவிலுக்கும் போகிறோம். சமோவா, டோங்கா குடும்பத்துப் பெண்களும் பழங்குடிப் பெண்களும் இந்த அணிகளில் நிறைய இருக்கிறார்கள். நம் பெண்கள் கண்ணில் படுவது அரிது. விருப்பம் இல்லாமல் வராவிட்டால் அது அவர்கள் இஷ்டம். இப்படி ஒரு போட்டி இருப்பதே தெரியாமல் வராமல் இருந்தால் அதில் நம் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. கிரிக்கெட்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறீர்கள். இதற்கு அரைப் பக்கம் போதும். அடுத்த பருவம் தொடங்கும்போது ஒரு நிருபரையும் புகைப்படக்காரரையும் அனுப்புங்கள். எந்த மைதானத்தில் எப்போது ஆட்டம், வண்டியை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் நான் சொல்கிறேன். வெயில் கடுமையாக இருக்கும், தொப்பி கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
வென்ட்வொர்த்வில், சிட்னி